வராத கடிதத்தின் வரலாறு

மனித சமுதாயத்தின் வரலாற்றை மன்னர்களின் வரலாறாகவும் போர்களின் வரலாறாகவும் எழுதும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அதனைக் கருவிகளின் வரலாறாக, உழைப்பின் வரலாறாக எழுத முற்பட்டோர் பின்னரே வந்தனர். ஆயினும் கருவியைக் கண்டுபிடித்தவனுக்குக் கிடைத்த இடம், அதனைப் பழுது பார்த்து நாள்தோறும் இயங்கச் செய்தவனுக்கு இன்றுவரை கிடைத்திலது. குளத்தைக் கட்டுவித்த மன்னனின் பெயர் கல்லில் இருக்கிறது. மாரி காலத்து இரவுகளில் குளக்கட்டில் நடந்து, கசிவு கண்ட இடத்தில் மண் இட்டவனின் பெயர் எங்கும் இல்லை. வவுனிக்குளத்து நீரை நம்பி வயல் விதைக்கும் துணுக்காய்ப் பகுதி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கசிவைக் கண்டவன் உரியவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். செய்தி உரிய வேளையில் உரிய காதில் விழ வேண்டும். விழுந்த பின் மண்வெட்டி எடுக்க ஆளும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் குளம் உடைப்பெடுக்கும். இக்காலத்து மருத்துவமனையும் வங்கியும் அரசுச் செயலகமும் பாடசாலையும் சாய்ந்து நிற்கும் கணினிகளுக்கும் இதுவே விதி. கணினியிலுள்ள மென்பொருளில் கசிவு கண்டபோது அச்செய்தி அதனைக் காப்பவரிடம் எவ்வாறு சென்று சேர்ந்தது, எவ்வாறு சேராமற் போயிற்று என்பதை ஆராய்வதே நம் நோக்கம். சிறிய பொருள் என்று வாசகர் எண்ணக்கூடும். கோடிக்கணக்கான மக்களின் வாழ்வு இச்சிறிய பொருளில் தொங்கிய நாட்கள் உண்டு என்பதைக் கீழே காண்போம்.

பொதியும் திருத்தமும்

1983ஆம் ஆண்டு செப்டெம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் எனப் பின்னர் பெயர்பெற்ற கருவை வெளியிட்டார். இவ்விரு முயற்சிகளும் இணைந்தபோது, தனியார் நிறுவனத்தின் அனுமதிச் சீட்டு இன்றி இயங்கும் கணினி சாத்தியமாயிற்று. ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. மென்பொருள் என்பது ஒரே பொருளன்று. நூற்றுக்கணக்கான, இன்றோ ஆயிரக்கணக்கான சிறு பகுதிகளின் கூட்டு அது. ஒரு பகுதியைப் புதுப்பித்தால் அதனைச் சார்ந்த மற்றொன்று நின்றுபோகும். இன்னது இன்னதைச் சார்ந்தது என்ற கணக்கை மனிதன் தன் தலையில் சுமப்பது இயலாத காரியம்.

1993ஆம் ஆண்டு ஓகஸ்டில் இயன் மேர்டொக் என்ற மாணவர் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்குமுள்ள தொண்டர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்று, அதனைப் பொதியாகக் கட்டி, அதன்மேல் எவை எவை இதற்குத் தேவை என்று சீட்டு ஒட்டி அனுப்பும் முறை அங்கு வளர்ந்தது. அப்பொதிகளை இறக்கி, சீட்டைப் படித்து, உரிய ஒழுங்கில் அடுக்கும் நிரலே பொதி முகாமையாளர் எனப்படுகிறது. 1995இல் ரெட் ஹட் நிறுவனம் தனக்கென ஒரு பொதி முறையை வெளியிட்டது. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 பதிப்பு, வலையமைப்பின் வழியே தொலைவிலுள்ள களஞ்சியத்தில் இருந்து பொதிகளை எடுத்துத் தரும் 'அப்ட்' என்ற கருவியை முதன்முறையாகத் தாங்கி வந்தது. சில ஆண்டுகளின் பின் டியூக் பல்கலைக்கழகத்தில் கணினிகளைப் பராமரித்துவந்த சேத் விடால் என்பார், அங்குள்ள இயந்திரங்களைப் புதுப்பிக்கும் தேவையில் இருந்து 'யம்' என்ற கருவியை வளர்த்தெடுத்தார். அதன் வழித்தோன்றலே இன்று பெடோரா முதலியவற்றிலுள்ள 'டிஎன்எப்'.

இவற்றைச் செய்தோர் பலர் நாள்தோறும் இயந்திரங்களின் பழுதோடு மல்லுக்கட்டியவர்கள் என்பதை நாம் கவனத்திற் கொள்ளல் வேண்டும். தேவையே அவர்களின் ஆசான். அவர்கள் கண்ட தீர்வு பொதுவுடைமையாக உலகிற்கு வழங்கப்பட்டது.

பொறி எழுதிய கடிதம்

களஞ்சியத்தில் புதிய திருத்தம் வந்துவிட்டது என்பதை இயந்திரம் அறிந்தால் போதுமா? அதனைக் காக்கும் மனிதனும் அறிய வேண்டும் அன்றோ? இங்கு வேறொரு வரலாற்றிழை வந்து பின்னிக்கொள்கிறது.

1971ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கையேட்டிலேயே அஞ்சல் அனுப்பும் கட்டளை இடம்பெற்றது. ஒரே கணினியைப் பகிர்ந்து பணிபுரிந்தோர் ஒருவருக்கொருவர் குறிப்பு விட்டுச் செல்ல அது உதவியது. அதே ஆண்டில் ரே டொம்லின்சன் ஒரு கணினியில் இருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே அஞ்சலை அனுப்பிக் காட்டினார். குறித்த வேளையில் குறித்த பணியைத் தானே செய்யும் 'குரோன்' என்ற நிரல் 1979இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் அமைந்தது. 1987இல் போல் விக்ஸி என்பார் எழுதிய வடிவம் பின்னர் லினக்ஸ் உலகெங்கும் பரவிற்று. இரவில் செய்த பணியின் விளைவைக் கடிதமாக எழுதி உரியவருக்கு அனுப்புவது அதன் வழக்கம்.

மனிதன் மனிதனுக்கு எழுதவென எழுந்த அஞ்சல், பொறி மனிதனுக்கு எழுதும் அஞ்சலாகவும் ஆயிற்று. 'இன்றிரவு இன்ன பணியைச் செய்தேன், இன்ன இடத்தில் இடறினேன்' என்று இயந்திரம் தன் காவலனுக்கு முறையிட்டது. புதிய திருத்தங்கள் காத்திருக்கின்றன என்று நாள்தோறும் பட்டியலிட்டு எழுதும் 'அப்டிகுரோன்' போன்ற கருவிகள் இப்பரம்பரையில் வந்தவை. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே ஏற்று, பின்னர் செய்ததை அறிக்கையிடும் கருவிகளும் தொடர்ந்து வந்தன.

ஆனால் இக்கடிதம் யாருக்கு முகவரியிடப்பட்டது? யுனிக்ஸ் மரபில் இயந்திரத்தின் முழு அதிகாரமும் கொண்ட பயனர் 'ரூட்' எனப்படுவார். கடிதங்கள் அவர் பெயருக்கே சென்றன. பெரிய கூடமொன்றில் நிருவாகி அமர்ந்து நாள்தோறும் அஞ்சற் பெட்டியைத் திறந்த காலத்தில் இது பொருந்திற்று. பின்னாளில் கணினிகள் ஆயிரமாயிரமாய்ப் பெருகின. மனிதர் எண்ணிக்கை அவ்வாறு பெருகவில்லை. 'ரூட்' என்ற பெயரில் வாழும் மனிதர் எவரும் இல்லாத இயந்திரங்களில், அப்பெயருக்கு வந்த கடிதங்கள் திறப்பாரின்றிக் குவிந்தன.

செய்தி பிந்திய இரவு

கடிதம் பிந்தினால் என்ன நேரும் என்பதை 1988 நவம்பர் 2ஆம் திகதி உலகம் கண்டது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேர்ட் மோரிஸ் எழுதிய நிரலொன்று இணையத்தில் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு பரவியது. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்று அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. அது புகுந்த வாயில்களில் ஒன்று அஞ்சலைக் கொண்டுசெல்லும் 'சென்ட்மெயில்' என்ற நிரலிலிருந்த ஓட்டை. மோரிஸின் வேண்டுகோளின்படி ஹாவார்டிலிருந்த அவருடைய நண்பர் ஒருவர், இதனைத் தடுப்பது எவ்வாறு என்று பெயர் குறிப்பிடாத மடலொன்றை வலையமைப்பில் அனுப்பினார். வலையமைப்பே நெரிசலில் திணறியதாலும் பல நிலையங்கள் தம்மைத் துண்டித்துக்கொண்டதாலும் அம்மடல் பயன்படும் வேளையில் எவரிடமும் போய்ச் சேரவில்லை. மருந்தைக் கொண்டுவந்த தூதனும் நோயிற் படுத்துவிட்டான்!

அம்மாதமே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர நிலைக்கான ஒருங்கிணைப்பு மையம் நிறுவப்பட்டது. எச்சரிக்கைகளைத் திரட்டி அனுப்பும் முறை அதிலிருந்து வளர்ந்தது. அனுப்பும் பக்கம் சீரடைந்தது. பெறும் பக்கம் அவ்வாறு சீரடைந்ததா?

பழி யார் தலையில்?

2017ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் இதற்கு விடை பகர்கின்றன. அவை பொதி முகாமையாளர் எழுதிய கடிதம் பற்றியவை அல்ல. மனிதர் மனிதருக்கு அனுப்பிய எச்சரிக்கை பற்றியவை. எனினும் பாடம் ஒன்றே.

அமெரிக்க மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி விற்கும் ஈக்குவிபக்ஸ் என்ற நிறுவனம் பயன்படுத்திய மென்பொருளொன்றின் ஓட்டைக்கு, 2017 மார்ச் 7ஆம் திகதி திருத்தம் வெளியாயிற்று. மறுநாள் அரசின் எச்சரிக்கை வந்தது. மார்ச் 9ஆம் திகதி நிறுவனத்தினுள் 400க்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் சென்றது. இத்தகைய கடும் ஓட்டையை 48 மணித்தியாலத்தில் அடைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் பெறுநர் பட்டியல் பழையது. திருத்தத்தை நிறுவ வேண்டியவர்களின் கைக்கு அக்கடிதம் போகவேயில்லை என்பதை அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் பின்னர் எடுத்துக் காட்டியது. மே மாத நடுவில் தொடங்கிய ஊடுருவல் ஜூலை இறுதியிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் தனிப்பட்ட விபரங்கள் களவு போயின.

அவ்வாண்டு ஒக்டோபரில் நாடாளுமன்றத்தின் முன் தோன்றிய முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி என்ன கூறினார்? மனிதத் தவறும் தொழினுட்பத் தவறும் நேர்ந்தன என்றார். ஊழியர் ஒருவர் செய்தியை உரியவருக்குச் சேர்ப்பிக்கத் தவறினார் என்றார். மக்களின் விபரங்களை விற்று இலாபம் ஈட்டிய அமைப்பு, முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் அற்ப வேலைக்கு ஆளும் நேரமும் ஒதுக்கவில்லை. உடைப்பெடுத்த பின் ஒரு தொழிலாளி முன்னே நிறுத்தப்படுகிறான். குளக்கட்டைக் காக்க ஒருவனையே வைத்து, அவனுக்கும் விளக்குத் தராமல் விட்டுவிட்டு, வெள்ளம் வந்தபின் 'அவன் உறங்கினான்' என்று கூறும் நீதி இது.

அதே ஆண்டு மே 12ஆம் திகதி 'வன்னாக்ரை' என்ற நச்சு நிரல் உலகைச் சூழ்ந்தது. அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் திகதியே திருத்தம் வெளியிட்டிருந்தது. பிரித்தானியப் பொது மருத்துவச் சேவைக்கு மார்ச்சிலும் ஏப்பிரலிலும் எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன. ஆயினும் மருத்துவமனைகள் அவற்றின்படி நடந்தனவா என்று அறியும் முறையான ஏற்பாடு சுகாதாரத் திணைக்களத்திடம் இருக்கவில்லை என்று அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் அறிக்கையிட்டது. ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் இரத்தாயின. எச்சரிக்கை அனுப்பியவர் தம் கடமை முடிந்தது என்று எண்ணினார். சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்த ஏழை நோயாளி திருப்பி அனுப்பப்பட்டார்.

எமது நாட்டில்

இவை யாவும் மேனாட்டுக் கதைகள் என்று ஒதுக்க இயலாது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் முகில் கணினிச் சேவை பணம் பறிக்கும் நச்சு நிரலின் தாக்குதலுக்கு ஆளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அக்காலப்பகுதிக்குரிய கடிதங்களுக்குத் தனித்து வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்ததோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பான அஞ்சல் மென்பொருள். அதற்கான திருத்தங்களை வழங்குவதை அதன் உற்பத்தியாளர் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே நிறுத்தியிருந்தார். 2021 முதலே புதுப்பிக்க எண்ணியும் நிதியின்மையாலும் முன்னைய தீர்மானங்களாலும் அது பிந்திற்று என்று பொறுப்பானோர் விளக்கமளித்தனர்.

திறப்பு விழாவுக்கு நிதி உண்டு. பராமரிப்புக்கு நிதி இல்லை. கணினிக் கூடம் திறக்கும் நாளில் நாடா வெட்டப்படுகிறது, நிழற்படம் எடுக்கப்படுகிறது. மூன்றாம் ஆண்டில் அக்கணினிகளின் மென்பொருளைப் புதுப்பிப்பவர் யார், அதற்கு இணைய இணைப்புக் கட்டணம் எங்கிருந்து வரும் என்ற வினாவை எவரும் எழுப்புவதில்லை. பின்தங்கிய பிரதேசங்களில் இப்பொறுப்பு, பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, எஞ்சிய வேளையில் கூடத்தின் திறப்பையும் சுமக்கும் ஆசிரியரின் தோளிலேயே விழுகின்றது.

மௌனத்தின் இரு பொருள்

இனிக் கருவியின் உள்ளமைப்பைச் சற்றே நோக்குவோம். டெபியன், உபுண்டு முதலியவற்றில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவும் கருவியின் அமைவுக் கோப்பில், அறிக்கை அனுப்ப வேண்டிய முகவரிக்கென ஒரு வரி உண்டு. அவ்வரி தொடக்கத்தில் செயலற்றதாகவே வைக்கப்பட்டிருக்கிறது. நாம் முகவரி எழுதி உயிர் கொடுத்தாலன்றிக் கடிதம் வராது. முகவரி எழுதியும் பயனில்லாமற் போகலாம்: அஞ்சல் அனுப்பும் நிரல் அக்கணினியில் நிறுவப்பட்டு, வெளியுலகிற்கு அஞ்சலைக் கொண்டுசெல்லும் வழியும் சீராக இருத்தல் வேண்டும். பெடோராவின் தானியங்கிக் கருவியும் தன் செய்தியை முதலில் தன் திரைக்கும் பதிவேட்டுக்குமே சொல்கிறது. மின்னஞ்சல் வேண்டுமெனில் அதனை நாமே கேட்டுப் பெறல் வேண்டும்.

கடிதம் எப்போது வர வேண்டும் என்பதற்கும் மூன்று தெரிவுகள் உள்ளன: எப்போதும், மாற்றம் நிகழ்ந்தபோது மட்டும், பிழை நேர்ந்தபோது மட்டும். மூன்றாவதே பலருக்கு உகந்ததாகத் தோன்றும். 'பிழை இருந்தால் சொல்லட்டும், இல்லையேல் எம்மைத் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்பது நியாயமான பேச்சுத்தானே! ஆனால் ஆழ்ந்து நோக்குக. பிழை நேர்ந்தால் மட்டுமே கடிதம் வரும் என்றால், கடிதம் வராத நாளின் பொருள் என்ன? எல்லாம் நலம் என்பதும் ஆகலாம். கடிதம் எழுதும் பொறியே செத்துவிட்டது என்பதும் ஆகலாம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே மௌனம்.

'எப்போதும்' என்பதிலும் இடர் உண்டு. நாள்தோறும் 'நலம், நலம்' என்று வரும் கடிதத்தை மூன்றாம் வாரத்தில் எவரும் திறப்பதில்லை. 'நலமில்லை' என்று எழுதிய கடிதமும் அக்குவியலில் புதையுண்டு போகும். ஆகவே இதற்கு முழுத் தீர்வைப் பொறியிடம் தேடுவது வீண். திருத்தம் நிகழும் நாளில் கடிதம். வாரத்திற்கு ஒருமுறை 'நான் உயிருடன் இருக்கிறேன்' என்ற சிறு குறிப்பு. அக்குறிப்பு வராவிடில் எழுந்து சென்று பார்ப்பதற்குப் பெயர் குறித்த மனிதர்: இவ்வளவும் சேர்ந்ததே அறிவித்தல் முறை. முகவரி ஒருவருடையதாக அன்றி ஒரு குழுவினுடையதாக இருத்தல் வேண்டும். ஆசிரியருக்கு இடமாற்றம் வருகிறது, மாணவர் பல்கலைக்கழகம் செல்கிறார். பட்டியலோ அப்படியே நிற்கிறது. ஈக்குவிபக்ஸின் கோடானுகோடி டொலரும் அடைக்காத ஓட்டையை, தவணைக்கு ஒருமுறை பட்டியலைப் படித்துப் பார்க்கும் ஒரு மாணவர் குழு அடைத்துவிடும்.

ஊதியமற்ற காவலர்

பொறியே யாவற்றையும் செய்துவிட்டால் மனிதன் எதற்கு என்று கேட்போரும் உளர். 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி அதற்கு விடை வந்தது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு பொதி உலகின் லினக்ஸ் கணினிகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் உண்டு. அதனைப் பல்லாண்டு காலம் பேணியவர் லாசே கொலின் என்ற தொண்டர். ஊதியமின்றி, உளச்சோர்வோடு அப்பணியைச் சுமந்த அவரிடம், உதவ வந்தவர்போல் நெருங்கிய ஒரு புனைபெயராளர் ஈராண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்துப் பொதியினுள் இரகசியக் கதவொன்றை வைத்தார். அந்நஞ்சு டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை, திருத்தத்தின் வேடத்திலேயே, பொதி முகாமையாளரின் வழியாகவே வந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் அண்ட்ரெஸ் பிரெண்ட் என்ற பொறியியலாளர். தொலைக் கணினியினுள் நுழைவது ஏறத்தாழ அரைச் செக்கன் பிந்துவதை அவர் கவனித்தார். ஏன் என்று தேடினார். கண்டதைத் திறந்த மென்பொருட் பாதுகாப்புக்கான மடற் குழுவுக்குக் கடிதமாக எழுதினார். நிலைப்பதிப்புகளுக்கு நஞ்சு பரவுமுன் உலகம் விழித்துக்கொண்டது.

இந்நிகழ்ச்சியில் இரு உண்மைகள் பொதிந்துள்ளன. பெரும் நிறுவனங்களின் இலாபம் ஊதியமற்ற ஓர் உழைப்பாளியின் சோர்ந்த தோளின் மேல் கட்டப்பட்டிருந்தது என்பது ஒன்று. தாமதத்தைக் கண்டு ஏன் என்று கேட்கும் மனித அறிவுக்கு மாற்று இல்லை என்பது மற்றொன்று. மனிதர் வாசிப்பதற்காகவே பொறி கடிதம் எழுதுகிறது.

வாசிக்க எந்த மொழி வேண்டும் என்ற வினாவும் இங்கு எழுகிறது. பாதுகாப்பு எச்சரிக்கைகளும் திருத்தக் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. துணுக்காய் மாணவன் கடிதத்தைத் திறந்தும் பொருள் விளங்காது மூடிவிட்டால், அதுவும் வராத கடிதமே. திறந்த மென்பொருளைத் தமிழாக்கத் தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் தொண்டர் பலர் உழைத்துள்ளனர். அப்பணியின் அடுத்த படியாக, வரும் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் நான்கு வரித் தமிழில் சுருக்கி அறிவித்தற் பலகையில் ஒட்டுவதை உயர்தர வகுப்பு மாணவர்களின் பணியாக ஆக்கலாம். மொழிப்பயிற்சியும் தொழிற்பயிற்சியும் அதில் ஒருங்கே கிட்டும்.

வன்னி மண்ணுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. மின்சாரமும் தொலைபேசியும் இன்றிப் போர்க்காலத்தின் நீண்ட ஆண்டுகளைக் கழித்த மண் இது. கடல் கடந்தும் காவலரண் கடந்தும் சென்ற உறவினரிடமிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே வரும் சில வரிச் செய்திக்காக மாதக்கணக்கில் காத்திருந்த தாய்மார் இங்கு வாழ்ந்தனர். 2008இல் துணுக்காய் மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தபோது, பதில் வராத கடிதங்கள் மேலும் பெருகின. செய்தி இல்லையெனில் எல்லாம் நலம் என்று பொருள் கொள்ளும் சொகுசு இம்மக்களுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. மௌனத்தைக் கேள்வி கேட்க இவர்கள் வாழ்க்கையிலேயே கற்றார்கள்.

அக்கல்வியைப் புதிய கருவிகளுக்கும் கொண்டுசெல்வது நம் தலைமுறையின் கடன். நம் பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்துவோராக மட்டும் நின்றால், எங்கோ யாரோ அனுப்பும் பொதியைக் கேள்வியின்றி ஏற்பவராகவே இருப்பர். காப்போராக வளர்ந்தால், பொதியின் மேலிருக்கும் சீட்டைப் படிப்பர், கடிதத்தின் முகவரியைச் சரிபார்ப்பர், அது வராத நாளில் காரணம் தேடுவர். பாடசாலைக் கணினியின் அமைவுக் கோப்பில் செயலற்றுக் கிடக்கும் அந்த ஒற்றை வரிக்கு எத்தனை இடங்களில் இன்று முகவரி எழுதப்பட்டுள்ளது? ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வினாவை முதலில் தத்தம் கூடத்திலேயே எழுப்பட்டும்.